பலாப்பழக் குலுக்கலுக்கு நரி கொடுத்த அனுமதி

சட்டப்படி மட்டுமே இலை உதிரும் ஒரு காட்டில், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. கீழே போய்க்கொண்டிருந்த ஆமையின் ஓடு விரிசல் விட்டது.

"ஒட்டித் தருகிறேன். ஒரு கூடை நெல்லிக்காய் ஆகும்," என்றார் மரங்கொத்தி வைத்தியர். "மழைக்கு முன்னால் ஒட்டாவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கும். அப்புறம் என்னைக் கேட்காதே."

ஆமையிடம் ஒரு நெல்லிக்காய்கூட இல்லை. தோழி முயல் கிளம்பிவிட்டாள். கரடியிடம் ஒரு பலாப்பழத்தை நன்கொடையாக வாங்கினாள். சீட்டு ஒன்றுக்கு ஒரு நெல்லிக்காய். பானையில் குலுக்கி யார் பெயர் வருகிறதோ, அவருக்குப் பழம். முதல் சீட்டைக் கரடியே கேட்டது. பழத்தைக் கொடுத்த மறுநிமிடத்திலிருந்தே அதற்கு மனசு ஆறவில்லை.

அனுமதிக்கு அதிகாரி நரியிடம் போனாள் முயல்.

"பழம் யாருக்கு விழும்?"

"குலுக்கினால்தானே சார் தெரியும்!"

"தெரியாதா? அப்ப சூதாட்டம். அதிர்ஷ்டத்தை வைத்துப் பரிசு கொடுப்பது குற்றம்."

"பனம்பழம் விழுந்ததே, அதுக்கு யார் சார் அனுமதி கொடுத்தது?"

"துரதிர்ஷ்டத்துக்கு அனுமதி வேண்டாம்மா. அது காலங்காலமா நடக்கிறது."

முயலின் காது விடைத்தது. "தர்மத்துக்குத்தானே சார் செய்யறோம்?"

"நல்லா செய். யாருக்கு விழும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு. சந்தேகமே இல்லாத இடத்தில் சூது ஏது?"

"அது பித்தலாட்டம் ஆச்சே!"

"அதுக்கு வேற அதிகாரி. அவர் இன்னைக்கு லீவு."

வானம் கறுத்தது. முயல் பல்லைக் கடித்துக்கொண்டு, பானைக்குள் போகும் எல்லாச் சீட்டிலும் 'சிங்கம்' என்று எழுதினாள். நரி முத்திரை குத்தியது.

இனி யார் வாங்கப்போகிறார்கள் என்று முயல் அழாத குறை. ஆனால் சிங்கம் ஜெயிக்கிற குலுக்கலில் சீட்டு வாங்காதவன் என்று பெயரெடுக்க யாருக்குத் துணிச்சல்? மான்கள் குடும்பத்தோடு வந்தன. நரி வரிசையை மீறியது. வைத்தியரே நாலு சீட்டு வாங்கினார். கூடை நிரம்பி, முதல் தூறலுக்குள் ஓடு ஒட்டியாயிற்று.

"இருந்தாலும் இது அநியாயம் அக்கா!" என்று மழையில் குதித்தாள் முயல்.

"அநியாயம்தான்டி," ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. "நீ பேசு. எனக்கு உள்ளே நனையலை."

சிங்கம் பலாப்பழத்தை முகர்ந்தது. மீசையெல்லாம் பால் ஒட்டிக்கொண்டது. "இதை எவன் தின்பான்?" என்று உதைத்தது. பழம் உருண்டுபோய்க் கரடியின் காலடியில் நின்றது.

"ஆகா, என் அதிர்ஷ்டம்!" என்றது கரடி.

நரி சட்டென்று திரும்பியது. "அனுமதி இருக்கா?"

நீதி: தர்மம் தலைகாக்கும், யார் தலையை என்பதை மட்டும் அதிகாரியிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.