மாமா போயிட்டார்

“யாருங்க இந்தப் பெரியவர்?”

போனில், புகைப்படக் குழுவில் பஸ் டிரைவர் இப்படிக் கேட்டிருந்ததைப் பார்த்ததும்தான் ‘வெளிச்சம்’ என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பையனுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் வேறு. மெத்தைக் கடையில் விற்பனையாளன். மெத்தை வாங்க வந்தவர்களிடம்கூட, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது” என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘அன்றாடம்’ என்றொரு புகைப்படக் குழுவில் அவன் உறுப்பினன். அன்றன்றைக்குக் கண்ணில் படுவதைப் படமெடுத்துப் போட்டு, அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பஸ் டிரைவர் கடைசி நிறுத்தத்தில் காலி இருக்கைகளை எடுப்பார். பல் டாக்டர் ஜன்னலுக்கு வெளியே கம்பியில் உட்காரும் புறாக்களை எடுப்பார். வெளிச்சத்துக்குக் கடைதான் உலகம். துடைப்பம், மாடிப்படி, மெத்தை சுமப்பவரின் முதுகு, பில் போடும் அக்காவின் விரல்கள் என்று எதையும் விட்டுவைத்ததில்லை, முதலாளியைத் தவிர.

அன்று மத்தியானம் அந்த முதலாளி கடையின் பின்பக்கம், இருப்பதிலேயே விலை உயர்ந்த மெத்தையில் மல்லாந்து கிடந்தார். மூக்குக் கண்ணாடி மார்பின் மேல். வாய் ஆவென்று திறந்திருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் வரிவரியாக அவர் தொந்தியின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடை ஆட்கள் மெத்தையில் உட்கார்ந்தாலே வேலை போகும் என்று சட்டம் போட்டவர் அவர். போன மாதம் ஒருவனை அப்படி அனுப்பியும் வைத்தார்.

கை சும்மா இருக்குமா? எடுத்தான். எடுத்ததோடு விடாமல் சாயங்காலம் குழுவிலும் போட்டுவிட்டான்.

இப்போது டிரைவர் கேட்கிறார். அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது, குழுவை நடத்தும் கணக்கு டீச்சரின் செய்தி வந்து விழுந்தது.

“இந்த வருஷத்தோட சிறந்த படம் இதுதான். சேமிச்சு வெச்சுட்டேன். நம்ம குழுவோட கண்காட்சியில நடுநாயகமா வைக்கப் போறேன்.”

முதலாளி என்று சொன்னால் கதை கந்தல். வெளிச்சம் அவசரமாகத் தட்டினான்: “எங்க மாமா.”

அத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டான். பல் டாக்டர் விடவில்லை.

“படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். மாமாவுக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் சொத்தை. நாளைக்கே கூட்டிட்டு வாங்க, நான் பார்த்து விடறேன்.”

“மாமாவுக்கு டாக்டர்னா பயம்.”

“பயந்தவங்களைத்தானே நான் தினமும் பார்க்கறேன்? அட்ரஸ் அனுப்புங்க, நானே வரேன்.”

மறுநாள் கடையில் ஒரு தம்பதிக்குத் தலையணை காட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் மறுபடியும் கேட்டார். இல்லாத மாமாவை ஊருக்கு அனுப்பிவிடுவதே உத்தமம் என்று வெளிச்சத்துக்குத் தோன்றியது. “மாமா போயிட்டார்” என்று அடித்து அனுப்பினான். ‘ஊருக்கு’ என்று அடுத்த வரியில் அடிப்பதற்குள் முதலாளியின் குரல் கேட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

முதலாளி மேஜையில் கிடந்த பேனாவை இப்படியும் அப்படியும் உருட்டினார். “என்ன வெளிச்சம், புதுசா ஏதாவது படம் எடுத்தியா?”

வெளிச்சம் போன் இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டான். “இ... இல்ல சார்.”

“ஒண்ணுகூடவா எடுக்கல? நம்ம கடையில? பின்பக்கம் எல்லாம் வெளிச்சம் நல்லா இருக்குமே?”

“சத்தியமா இல்ல சார். படம் எடுக்கறதையே விட்டுட்டேன்.”

முதலாளியின் முகம் தொங்கிவிட்டது. “விட்டுட்டியா? ஏன்ப்பா விடணும்? சரி, போ.” அன்று முழுக்க அவர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

‘மோப்பம் பிடித்துவிட்டார். இனி வேலைக்கு ஆபத்துதான்’ என்று நினைத்தபடி வெளிச்சம் போனை எடுத்துப் பார்த்தான். குழு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது.

“நேத்துதானே படத்துல அவ்வளவு நிம்மதியா தூங்கினார்!” - பஸ் டிரைவர்.

“பல்லால வந்திருக்காது. ஆனாலும் மனசு கேக்கல. நேத்தே நான் கிளம்பி வந்திருக்கணும்.” - பல் டாக்டர்.

வெளிச்சம் பதறிப்போய், “ஐயோ, போயிட்டார்னா ஊருக்குப் போயிட்டார்!” என்று போட்டான்.

கணக்கு டீச்சர் உடனே பதில் எழுதினார்: “ஆமாம்பா. எல்லாரும் ஒருநாள் போக வேண்டிய ஊர்தான். மனசைத் தேத்திக்கோ.”

அதற்கு மேல் மாமாவைத் திரும்ப உயிரோடு கொண்டுவர அவனுக்குத் திராணி இல்லை.

டீச்சர் அத்தோடு நிற்கவும் இல்லை. இரண்டொரு நாளில் அழைப்பிதழும் கையுமாகக் கடைக்கே வந்து நின்றார். முதலாளி வாசலிலேயே இருந்தார்.

“இந்தப் பையன் எடுத்த படம்தாங்க எங்க கண்காட்சியிலேயே பெரிசு. ஞாயித்துக்கிழமை நூலக மண்டபத்துக்கு நீங்க அவசியம் வரணும்” என்ற டீச்சர், முதலாளியை உற்றுப் பார்த்தார். “உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?”

“கடைக்காரர் முகம்தானே டீச்சர், எல்லாருக்கும் தெரிஞ்ச முகம்!” என்று வெளிச்சம் குறுக்கே பாய்ந்தான்.

“என்ன படம் அது?” என்றார் முதலாளி.

“தூங்கறவர் படம்” என்றார் டீச்சர்.

முதலாளி வெளிச்சத்தைப் பார்த்தார். அழைப்பிதழை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதைவிட நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று வெளிச்சத்துக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் திறந்ததும் வெளிச்சம் முதல் ஆளாக உள்ளே புகுந்தான். படத்தைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடுவது என்று தீர்மானம். ஆணியிலிருந்து படத்தைத் தூக்குவதற்குள் டீச்சர் வந்துவிட்டார்.

“வேண்டாம்பா, தாங்க மாட்டே. படத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதா போனவர் வந்துடுவாரா?” என்று அவனை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். துணைக்குப் பஸ் டிரைவரையும் பக்கத்தில் உட்காரவைத்தார். டிரைவர் அவன் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அந்தக் கோலத்தில் இருந்தபோதுதான் முதலாளி உள்ளே வந்தார். புதுச் சட்டை. கூடவே பில் போடும் அக்கா. நேராகப் படத்தின் முன்னால் போய் நின்று, கீழே டீச்சர் எழுதி ஒட்டியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“‘நிரந்தர உறக்கம். மறைந்த மாமாவின் நினைவாக.’”

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பார்த்த டீச்சர், “ஐயையோ!” என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். டிரைவரின் கை வெளிச்சத்தின் தோளிலிருந்து தானாக விலகியது.

“வெளிச்சம்!”

“சார்...” வெளிச்சம் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“என்னை எப்பப்பா கொன்னே?”

வெளிச்சம் ஒன்றையும் மறைக்காமல் கொட்டினான். படம், பல், மாமா, ஊர் எல்லாவற்றையும். “நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொன்னா சரிங்க சார்” என்று முடித்தபோது அழுகையே வந்துவிட்டது.

முதலாளி மறுபடியும் படத்தின் பக்கம் திரும்பினார். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏன் வராம? நாளைக்கு வா. படம் நல்லா வந்திருக்கு. தொந்திதான் கொஞ்சம் தூக்கல்” என்றவர் டீச்சரிடம், “அந்தச் சீட்டை மட்டும் எடுத்துடுங்க. என் வீட்டுக்காரி பார்த்தா நிஜம்னு நினைச்சுடப் போறா” என்றார்.

மண்டபமே சிரித்தது. டீச்சர் சீட்டைக் கிழித்தெறிந்தார். முதலாளி படத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், “நான்தாங்க இது” என்று காட்டத் தொடங்கினார். பல் டாக்டர் அவரை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டுபோய், “ஆ காட்டுங்க” என்றார்.

வெளிச்சத்துக்கு இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு விழுந்தது. அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“உயிர் வந்துச்சுக்கா. பெரிய மனுஷன்தான். அசந்து தூங்கறப்ப தெரியாம எடுத்தேன், கோபமே படலியே!”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தூங்கினாரா? உன் கண்ணுல படணும்னா எந்த மெத்தையில படுக்கணும், வாயை எவ்வளவு தொறந்து வெச்சா இயல்பா இருக்கும்னு ஒரு வாரமா என்கிட்ட ஒத்திகை பார்த்தாருடா அந்த மனுஷன்!”