அவளுக்கு மூன்றுதான் இருக்கும்

உலகத்தில் கேள்வி கேட்கிறவர்கள் ஒரு ரகம், பதில் சொல்கிறவர்கள் ஒரு ரகம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவது ரகத்தை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். கேள்வி இவரிடம் கேட்கப்பட்டிருக்காது. பதில் மட்டும் இவரிடமிருந்துதான் வரும். பதில் பிரதிநிதி என்று இவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

ஓட்டலில் சர்வர் இவர் மனைவியைப் பார்த்து "உங்களுக்கு?" என்றால், "அவுங்களுக்கு ஒரு ஊத்தப்பம், வெங்காயம் கம்மியா" என்பார், ஜவுளிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்க்கும் மச்சானிடம் "கழுத்து இறுக்குதா?" என்று கடைக்காரர் கேட்டால், "இறுக்கல, போட்டா சரியாயிடும்" என்பார், வீட்டுக்கு வந்தவர் மகளிடம் "என்னம்மா படிக்கிற?" என்று கேட்டுவிட்டால், அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் பட்டம், கல்லூரி, அடுத்து என்ன படிக்கப்போகிறாள், எதைப் படிக்கக் கூடாது என்பதுவரை முடித்துவைப்பார். ஏன் இப்படி? அன்புதான், வேறென்ன? அன்பு உள்ளவன் காத்திருப்பானா?

இந்த இனத்தைக் கண்குளிரப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்பார். நோயாளி கூட வந்தவரைப் பார்ப்பார். கூட வந்தவர் மின்விசிறியைப் பார்த்துப் பதில் சொல்வார்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்த இனத்தின் நன்கு முதிர்ந்த மாதிரி ஒன்று வசிக்கிறது. தினமும் காலையில் அதற்கு நான்தான் முகச்சவரம் செய்துவிடுகிறேன்.

என் மனைவி விருத்தாம்பாளுக்கு ரொம்ப நாளாக முட்டிவலி. சிதம்பரத்தில் முட்டிவலிக்கு ஒரு புதிய பயிற்சிமுறையை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, சேர்த்துக்கொண்டால் ஆறு மாதம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினோம். அண்ணாமலை நகர்ப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம். கனிமொழி என்றொரு பெண், என் மகள் வயது இருக்கும், கேள்வித்தாளோடு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"எல்லா ஊர்லயும் இதே கேள்விதாம்மா. வார்த்தைகூட மாத்த மாட்டோம். அப்பத்தான் உங்க வலியையும் இன்னொரு ஊர்ல இருக்குறவங்க வலியையும் பக்கத்துல வச்சுப் பாக்க முடியும்."

எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒழுங்கான கேள்வி கிடைப்பதே இந்தக் காலத்தில் அபூர்வம்.

"போன ஒரு வாரத்துல உங்க வலி சராசரியா எவ்வளவும்மா? வலியே இல்லன்னா பூஜ்யம். இதுக்கு மேல ஒரு வலி இருக்க முடியாதுன்னா பத்து."

"மூணு," என்றேன்.

கனிமொழி விருத்தாம்பாளைப் பார்த்தாள். விருத்தாம்பாள் என்னைப் பார்த்தாள். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

"வீட்டு வேலை செய்யுறதுக்கு வலி எவ்வளவு தடையா இருந்துச்சு?"

"பூஜ்யம்னு போட்டுக்கம்மா. எல்லா வேலையும் செய்யுறா. இன்னிக்கிகூட இட்லி ஊத்தி, மதியத்துக்குப் புளிசோறு கட்டிக்கிட்டுத்தான் கெளம்புனா."

"தூக்கம்?"

"நல்லாத் தூங்குறா. நான் ஒரு நாளும் முழிச்சுப் பாத்ததே இல்ல."

இந்தப் பதிலில் உள்ள ஓட்டை உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. போன மாதம் என் கழுத்துச் சுளுக்குக்கு டாக்டரிடம் எட்டு என்று சொன்னவன் நான். அது வேறு விஷயம். அது என் கழுத்து.

கனிமொழி கூட்டிப் பார்த்தாள். "வலி அஞ்சுக்குக் கீழ இருந்தா இந்த ஆராய்ச்சியில சேத்துக்க முடியாது சார்."

"பாத்தியா? உனக்கு ஒண்ணுமே இல்ல," என்றேன், ஏதோ அவள் பரீட்சையில் தேறிவிட்டதைப் போல.

விருத்தாம்பாள் பையை எடுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றினாள். உடனே எழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு சற்றுப் பொறுத்தாள். பிறகு ஒரு காலை நிமிர்த்தினாள். பிறகு இன்னொரு காலை. வீட்டிலும் இப்படித்தான் எழுவாளா? நான் எழுந்திருக்கும்போது காபி மேசைக்கு வந்திருக்கும். கொண்டுவந்தவள் எப்படி எழுந்தாள் என்று பார்த்தவன் யார்?

கனிமொழி பேனாவை மூடினாள். "உக்காருங்கம்மா. தப்பு என்னுதுதான், மொதல்லயே சொல்லியிருக்கணும். உங்க வாயால வர்ற பதில்தான் செல்லும். திரும்ப ஆரம்பத்துலேருந்து கேக்குறேன். சார், நீங்க வெளிய இருங்க."

"நான் பேசவே மாட்டேம்மா."

"நீங்க மூச்சு விட்டாலே அம்மா திரும்பிப் பாக்குறாங்க சார்."

வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவு. அன்புள்ளவன் சும்மா நிற்பானா? விருத்தாம்பாளின் கண்ணில் படும்படி நின்றுகொண்டு மூன்று விரல்களைக் காட்டினேன். கனிமொழி எழுந்து வந்து திரையை இழுத்துவிட்டாள்.

பெஞ்சில் ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். அவர்களும் வெளியேற்றப்பட்டவர்கள்தான். பரங்கிப்பேட்டை ஜமாலுதீன், தன் தாயார் ஆசியா உம்மாளை அழைத்து வந்தவர்.

"எங்க உம்மாவுக்கு முட்டிவலி ஏழரைண்ணே. அரையெல்லாம் கிடையாதுன்னு வெளிய அனுப்பிட்டாங்க."

"கூடவே இருந்து பாத்துக்குறீங்களா பாய்?"

"துபாய்ல இருக்கேன். முந்தாநாள்தான் வந்தேன். இருந்தாலும் பெத்த புள்ளைக்குத் தெரியாதா?"

இன்னொருவர் குறிஞ்சிப்பாடி அமராவதி அம்மாள். கணவர் கலியமூர்த்தி பக்கத்து அறைக்குள் இருந்தார். "எங்க வூட்டுக்காரருக்கு வாயே கெடையாது. தனியா உட்டா என்னாத்த சொல்லுவாரோ தெரியல," என்று கவலைப்பட்டார்.

அப்போது அந்த அறையிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. நிறுத்தாமல், ஏற்ற இறக்கத்தோடு, நடுநடுவே சிரித்துக்கொண்டு.

"யாரு அது?" என்றார் அமராவதி அம்மாள்.

நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் இனத்தில் அது நடக்கிற காரியமே இல்லை.

கடைசியில் விருத்தாம்பாள் வந்தாள். "சேத்துக்கிட்டாங்க. வர்ற செவ்வாய்க்கிழமையிலேருந்து வரணுமாம்."

"எவ்வளவு சொன்ன?"

"எட்டு."

"எட்டா! தூக்கத்துக்கு?"

"அதுக்கும் அப்படித்தான். படுத்தா கால் கொடையும். எழுந்து ஹாலுல நடந்துட்டு வந்து படுப்பேன். நீங்க அசைய மாட்டீங்க."

"வேலையெல்லாம் செய்யுறியே?"

"யாரு செய்வா? பல்லக் கடிச்சிக்கிட்டுச் செய்யுறதுதான். இதெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு கொஞ்ச நேரம் முழிச்சேன். அந்தப் பொண்ணு பேசாம உக்காந்திருந்திச்சு. அப்புறம் தானா வந்திருச்சு."

இந்த இடத்தில் நான் தலை குனிந்திருக்க வேண்டும், கண் கலங்கியிருக்க வேண்டும். நீங்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள்.

"இருந்தாலும் எட்டு கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?" என்றேன்.

"என் முட்டிங்க," என்றாள் விருத்தாம்பாள்.

இப்போது செவ்வாய்தோறும் போய் வருகிறாள், தனியாக. நான் வர வேண்டாமாம். நேற்று எதிர்வீட்டுத் தேவநாதன் வாசலில் எங்கள் இருவரையும் நிறுத்தி, "சிதம்பரம் போறாங்களாமே, முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அவளையே கேளுங்க சார்," என்றேன். நல்ல வார்த்தை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பரவாயில்லன்னு சொல்லுவா," என்று முடித்தேன்.

போகட்டும், என் கதை இருக்கட்டும். உங்களை ஒன்று கேட்கிறேன். நிதானமாக, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்: நீங்கள் இந்த இனமா?

கேட்டதுமே ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது அல்லவா? வடலூரில் இருக்கிற உங்கள் மாமா. "அச்சு அசல் அவரேதான், இதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்" என்று விரல்கூடப் போயிருக்கும்.

கேள்வி உங்களைப் பற்றி. பதிலில் மாமா எப்படி வந்தார்?