சனிக்கோளுக்குப் போன கப்பலும் லூர்துநாதனின் வலது கையும்

"ஏழாவது அத்தியாயத்தைப் பத்தி பத்திரிகைக்கு ஒரு கடுதாசி போடணும், லூர்து. பேப்பரை எடுத்துக்குங்க" என்றார் ஆபீஸர் அய்யாக்கண்ணு.

லூர்துநாதன் பேப்பரை எடுத்துக்கொண்டான். பேனாவைத் திறக்கும்போது மூடி கீழே விழுந்து மேஜைக்கடியில் உருண்டது. அதைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் மேஜைக்கடியிலேயே இருந்தான். அங்கேயே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். ரஷ்யாக்காரன் செயற்கைச் சந்திரனை மேலே விட்டதிலிருந்து புதுக்கோட்டையில் பாதிப்பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கீழராஜ வீதியில் அப்படி நடந்து ஜட்கா வண்டிக் குதிரைமீது முட்டிக்கொண்டவர்களும் உண்டு. அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் 'சனி மண்டலத்துக்கு ஒரு கப்பல்' என்ற தொடர்கதை ஆரம்பித்தது. எழுதியவர் பெயர் ககனவேள். கேப்டன் ஒருவன், மேகலை என்ற பெண், மணி என்ற நாய், மூவரும் ஆகாயக் கப்பலில் சனிக்கோளுக்குப் போகிறார்கள். வியாழக்கிழமை பத்திரிகை வந்தால் வெள்ளிக்கிழமை ஊரே அதைப் பற்றித்தான் பேசும்.

அந்தக் ககனவேள் யார் என்பதை, ஆவூரிலிருந்து வந்து சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்த லூர்துநாதன், பத்திரிகை ஆசிரியரையும் தன் மனைவி மரிய செல்வியையும் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. ககனவேள் லூர்துநாதன்தான்.

சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் பத்திரிகைக்கு எழுத அனுமதி வாங்க வேண்டும். அந்த மனு அய்யாக்கண்ணுவின் மேஜை வழியாகத்தான் மேலே போக வேண்டும். அய்யாக்கண்ணுவோ, "கதை எழுதுற கிளார்க்கு ஃபைல்லயும் கதைதான் எழுதுவான்" என்று வேறு யாரைப் பற்றியோ ஒருநாள் சொல்லியிருந்தார். லூர்துநாதனைப் பெர்மனென்ட் ஆக்கும் ஃபைலும் நாலு மாதமாக அதே மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

அவர் சொல்லச் சொல்ல லூர்துநாதன் எழுதினான். கப்பல் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குக் கிளம்புகிறது, அது சுத்தமான ராகுகாலம். சனி நம்மைவிட்டுப் போகட்டும் என்று ஊர் உலகமே எள்விளக்குப் போடும்போது, டிக்கெட் எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போகிறவர்களுக்குப் புத்தி இருக்கிறதா? பொருளுக்கு எடையே இல்லாத கப்பலில் மேகலை ரசத்தை எப்படி ஊற்றினாள்? எல்லாவற்றுக்கும் மேலாக, கேப்டன் மூன்று இடத்தில் 'மேற்படி கிரகம்' என்கிறான். இதை எழுதியவர் எங்கோ ஃபைலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவர் போலிருக்கிறது.

கடைசி வரியை எழுதும்போது லூர்துநாதனுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

ஆபத்து அதில்கூட இல்லை. ஒரே கையெழுத்தில் கதையும் போகிறது, கதையைத் திட்டிக் கடிதமும் போகிறது. இரண்டும் ஒரே ஆசிரியர் மேஜையில் போய் விழும். இது என்ன கூத்து என்று அவர் கடிதத்திலுள்ள ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் போதும், ஃபைல் கிழிந்துவிடும்.

அடுத்த வாரம் எட்டாம் அத்தியாயத்துக்கு அய்யாக்கண்ணு கூப்பிட்டபோது, லூர்துநாதன் எழுத்தை இடப்பக்கம் சாய்த்து, கொம்பையும் சுழியையும் கோணலாக்கி எழுதினான். அய்யாக்கண்ணு வாங்கிப் பார்த்தார்.

"கைக்கு என்ன?"

சுளுக்கு என்று சொல்லிவிட்டான். அதுதான் தப்பாகப் போயிற்று. அய்யாக்கண்ணு உடனே பியூன் சேவுகனைக் கூப்பிட்டு, லூர்துநாதனைத் திருக்கோகர்ணத்து எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொன்னார். சேவுகன் சைக்கிள் கேரியரில் அவனை ஏற்றிக்கொண்டு போனார்.

வைத்தியர் மணிக்கட்டை அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றால் பொய் வெளியாகிவிடும், சேவுகன் பக்கத்திலேயே நிற்கிறார். வலிக்கிறது என்றான். அப்படியானால் எலும்பு விலகியிருக்கிறது என்று வைத்தியர் முடிவு செய்து, விலகாத எலும்பை ஒரு திருகு திருகினார். அதற்கப்புறம் நிஜமாகவே வலித்தது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் பத்தை வைத்து, முழங்கைவரை கட்டி, பதினைந்து நாள் பிரிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

கட்டோடு வந்தவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. இனிக் கடிதம் எழுதவேண்டாம். பக்கத்து மேஜை மலையாண்டி எழுதட்டும் என்று அவனே யோசனை சொன்னான்.

"மலையாண்டி எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். நீங்க மனசுல வாங்கிக்குங்க லூர்து. கை சரியானதும் எழுதிக்கலாம்" என்றார் அய்யாக்கண்ணு. கடிதம் எழுதாத வாரத்திலும் முக்கால் மணி நேரம் நிற்கவைத்துத் தம் அபிப்பிராயத்தைச் சொன்னார்.

இதற்கிடையில் பத்தாம் அத்தியாயம் அனுப்பியாக வேண்டும். லூர்துநாதன் சொல்ல, மரிய செல்வி எழுதினாள். கப்பலில் காற்றுக் குறைகிறது, ஓர் உயிர் வெளியேறினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள், எல்லோரும் கண்ணீரோடு மணி என்ற நாயை வழியனுப்புகிறார்கள். செல்வி பேனாவைக் கீழே வைத்தாள்.

"வாயில்லாச் சீவனை வெளியே தள்ளுறீங்களே, இது நல்லாவா இருக்கு?"

கதைக்கு அது தேவை என்று அவன் விளக்கினான். ரஷ்யாக்காரனே நாயைத்தான் அனுப்பினான் என்றான். அவள் மறுபடி பேனாவை எடுத்து எழுதி முடித்து, ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தபோதுதான் லூர்துநாதன் அதைப் படித்தான். நாய் பிழைத்திருந்தது. நாயை வெளியே தள்ளலாம் என்று யோசனை சொன்ன கேப்டன், தன் தப்பை உணர்ந்து, தானே கதவைத் திறந்துகொண்டு ஆகாயத்தில் குதித்திருந்தான். மேகலை சுக்கானைப் பிடித்து, "இனி இந்தக் கப்பலில் நான் சொல்வதுதான்" என்றிருந்தாள்.

"ஏங்க, நாயைவிட அவருக்குத்தான் நெறைய மூச்சு தேவைப்படும். கணக்குப் பாத்துத்தான் எழுதுனேன்" என்றாள் செல்வி.

மறுநாள் அய்யாக்கண்ணு பத்திரிகையை மேஜையில் தொப்பென்று போட்டார். கேப்டன் போனதில் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லையாம். "இப்படி அநியாயமாக் கொன்னவன் கைதான் ஒடியணும்" என்றார். லூர்துநாதன் கட்டுப்போட்ட கையை மெல்ல முதுகுப்பக்கம் கொண்டுபோனான்.

கட்டுப் பிரித்ததும் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். ஆபீஸருக்குக் குறையே தோன்றாதபடி எழுதிவிட்டால் கடிதத்துக்கு வேலை இருக்காது. ஆகவே கேப்டன் சனியின் வளையத்தில் தொற்றிக்கொண்டு உயிரோடிருந்தான். மேகலை ரசத்தை மூடி போட்ட கூஜாவிலிருந்து உறிஞ்சினாள். திரும்பிவரும் பயணம் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பியது. 'மேற்படி' என்ற சொல்லை ஓர் இடத்திலும் விடாமல் தேடித்தேடி அடித்தான்.

அய்யாக்கண்ணுவின் முகம் தீபாவளி மாதிரி ஆகிவிட்டது. "பாத்தீங்களா லூர்து, சொன்னா கேக்குறாரு. நல்ல மனுசன்" என்றார். அதோடு விடவில்லை. ஒரு பக்கமாக இருந்த கடிதம் நாலு பக்கமாயிற்று. கப்பல் திரும்பி வந்து நம்ம ஊர்ப் பக்கத்து நார்த்தாமலைப் பாறையில்தான் இறங்கவேண்டும், கேப்டனுக்கும் மேகலைக்கும் கலியாணம் ஆகவேண்டும் என்று கட்டளைகள் வந்தன. வீட்டிலோ, குதித்துவிட்டுத் திரும்பி வந்தவனைக் கட்டிக்கொள்ள மேகலைக்கு என்ன தலையெழுத்து என்று செல்வி கேட்டாள். தன் கதையில் தனக்கு மட்டும்தான் அபிப்பிராயம் சொல்ல இடமில்லை என்று லூர்துநாதனுக்குத் தோன்றியது.

கடிதங்கள் ஒன்றுகூடப் பத்திரிகையில் வரவில்லை. ஆசிரியரும் கையெழுத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. எல்லாம் ஆவூர் மாதாவின் கிருபை என்று மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டிருந்தபோது, அய்யாக்கண்ணு பதினெட்டாம் அத்தியாயத்துக்குக் கூப்பிட்டார்.

"கடைசியில இதையும் சேத்துக்குங்க. 'அடுத்த மாதம் லீவில் சென்னை வருகிறேன். ககனவேள் அவர்களை நேரில் கண்டு பேச ஆசை. அவருடைய விலாசத்தை எனக்குத் தெரியப்படுத்தவும்.'"

தன்னைப் பிடித்துக்கொடுக்கும் வரியைத் தன் கையாலேயே, சாய்க்காமல் கோணாமல், லூர்துநாதன் எழுதினான். சேவுகன் வந்து அதைக் கவரோடு வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னான். இரண்டு பேருமாக யோசித்து, கதையை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். கதை நின்றால் ஆசையும் நின்றுவிடும், விலாசமும் மறந்துவிடும். இன்னும் பத்து வாரம் ஓடவேண்டிய கதையை ஒரே அத்தியாயத்தில் அடைத்தான். கப்பல் நார்த்தாமலைப் பாறையில் இறங்கியது. நாய் முதலில் குதித்து ஓடியது. கேப்டன் கலியாணத்தைப் பற்றிக் கேட்டான், மேகலை யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். முற்றும்.

அது பத்திரிகையில் வந்த மறுநாள் காலையில் ஆபீஸர் அழைத்தார். மேஜையில் ஒரு பக்கம் பத்திரிகை, இன்னொரு பக்கம் லூர்துநாதனின் ஃபைல். ஃபைலைப் பார்த்ததும் அவன் வாசலோடு நின்றுவிட்டான்.

"முடிச்சுப்புட்டாரு" என்றார் அய்யாக்கண்ணு. துக்க வீட்டில் பேசுகிற குரல். "பாறையில எறங்கினது நல்லா இருந்துச்சு. அந்தப் பொண்ணு இன்னும் யோசிக்கிறதுதான் கொஞ்சம் வருத்தம்." பிறகு ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, அவன் பக்கம் தள்ளினார். "இன்னையிலருந்து பெர்மனென்ட். வீட்டுல சொல்லுங்க."

லூர்துநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தான். நாலைந்து மாதத்தில் முதல்தடவையாக மூச்சு அடிவயிறுவரை போய்த் திரும்பியது. பாதி திரும்பும்போதே விலாசம் கேட்ட கடிதம் ஞாபகம் வந்து நின்றுவிட்டது. இப்போதும் ஆசிரியரிடமிருந்து ஒரு பதில் வந்தால் போதும், போட்ட கையெழுத்தை ஆபீஸர் அடித்துவிடுவார்.

சேவுகன் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். லூர்துநாதன் அவர் பக்கத்தில் குனிந்து, கடைசியாகக் கொடுத்த கடிதம் எந்தத் தேதியில் தபாலில் போனது, போஸ்ட் மாஸ்டரைப் பார்த்தால் எங்காவது மறித்துத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டான்.

சேவுகன் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார்.

"எந்தத் தபாலுங்க, கிளார்க்கய்யா? 'கதை எழுதுற ஆளு காதுலயே நேராப் போட்டாச்சு, அப்பறம் தபால்பெட்டி எதுக்கு'ன்னு மொதக் கடுதாசியிலயே சொல்லிப்புட்டாங்களே நம்ம ஆபீஸரய்யா."