பெட்டிக்குத் துளை வேண்டுமா?

நமது தீவுகளில் புதிதாக ஓர் இனம் தோன்றியிருக்கிறது. பாட்டுக் கேட்காத பாட்டுப் பிரியர் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து கசெற் றெக்கோடர் வந்து இறங்கும் வீடுகளில் இது பெருகுகிறது. பாடுவது யார் என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது. "அடி எப்பிடி?" என்பார். அடி என்றால் பேஸ், தடித்த கீழ்ச்சத்தம். கதிரை அதிர வேண்டும், குசினியில் சட்டிகள் ஒன்றோடொன்று முட்ட வேண்டும், பக்கத்து வளவு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதுதான் சங்கீதம்.

புளியங்கூடல் இராசநாயகத்தார் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். மனைவி நாகபூசணியின் தம்பி முருகேசு, குவைத்திலிருந்து ஒரு றெக்கோடரும், தன் குரலைப் பதிந்த கசெற் ஒன்றும் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டிருந்தான். தம்பியின் குரலைக் கேட்டு நாலு வருஷம். அவள் கசெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் றெக்கோடரின் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பொறும், உதுக்குள்ளை அடி இல்லை. பெட்டி செய்துபோட்டுப் போடுறன். தம்பியின்ரை குரலை அரைகுறையாக் கேக்கலாமோ?"

தேயிலைப் பெட்டி ஒன்றில் ஸ்பீக்கர் ஏறியது. கூடவே உலகத்தின் மிகப் பெரிய கேள்வியும் பிறந்தது. பெட்டியை முழுதாக அடைப்பதா, ஒரு துளை விடுவதா? அடைத்தால் சத்தம் இறுக்கமாக, சுத்தமாக வரும். துளை விட்டால் பெரிதாக முழங்கும். ஒரு நாள் அவர் அடைப்புக் கட்சி. நாகபூசணியின் தலையணையைக் கிழித்துப் பஞ்சை உள்ளே திணித்து, விளிம்பெல்லாம் மாப்பசை பூசினார். மறுநாள் துளைக் கட்சி. பால்மா ரின்னின் அடியை வெட்டிக் குழாயாகச் செருகினார். அதற்கடுத்த நாள் ரின்னுக்கு மூடியைப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து, இரவல் வாங்கிய தவில் கசெற் ஒன்றைத் தேயத் தேய ஓடவிட்டார்.

"உந்தத் தவிலை எடுத்துப்போட்டு என்ரை தம்பியைப் போடுங்கோவன்."

"மனுசக் குரலிலை அடி இல்லையப்பா!"

வேலிக்கு மேலாக என்னையும் கூப்பிட்டார். "தம்பி, நீர் பட்டதாரி. சொல்லும், அடைப்போ துளையோ?"

நான் படித்தது வரலாறு. ஆனால், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி தெரியாது என்று சொல்லலாமா? "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு அண்ணை" என்றேன். பல்கலைக்கழகத்தில் நான் உறுதியாகக் கற்றது அந்த ஒரு வசனம்தான். பெட்டி மறுபடி பிரிக்கப்பட்டது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், தலையில் சூட்கேசுடன் ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா!"

நாகபூசணி குசினியிலிருந்து ஓடிவந்தாள். முருகேசு போட்டிருந்த சேட்டைப் பிழிந்தால் வியர்வை ஒரு வாளி நிறையும்.

"கசெற்றிலை வடிவாச் சொன்னனான், இண்டைக்கு வாறன், பஸ் ஸ்ராண்டுக்குக் கார் அனுப்புங்கோ எண்டு. கேக்கேல்லையோ?"

"கேக்க விட்டால்தானே!" என்று அவள் அழுதாள்.

இராசநாயகத்தார் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவர் திறந்த கதவையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சான், அப்பிடியே நில்லும். இன்னொருக்கா 'அக்கா' எண்டு கூப்பிடும். இப்பக் கதவைச் சாத்துறன், திரும்பவும் கூப்பிடும்."

நாகபூசணி தம்பியை உள்ளே இழுத்தாள். கணவரையும் தேயிலைப் பெட்டியையும் வெளியே தள்ளினாள். கதவை அவளே சாத்தினாள். உள்ளே சிரிப்பும் அழுகையும் கேட்டன. அவர் கதவில் காதை வைத்து, வேலியோரம் நின்ற என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"தம்பி, அடைப்புத்தான். சத்தம் நல்ல இறுக்கம்!"

நானும் தலையாட்டினேன் என்பதை மறைக்கவில்லை. நீங்கள்? இவ்வளவையும் வாசித்துவிட்டு, துளைக்கும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று யோசிக்கிறீர்களா? அப்படியானால் இதைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.