கை தூக்கியவர் பேசலாம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, உன் மகள் மூவரும் நலம். எவ்வளவு நலம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் முக்கியமான செய்தி. நாள்கணக்கில் ஆலோசித்த பிறகு, நான் அரைக்கால் சட்டை அணிவதென்று முடிவு செய்தேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. இரு தரப்பு வாதமும் கேட்கப்பட்டது. எதிர்த்தரப்பு உன் அண்ணி. அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் முழங்காலை நாலு பேர் பார்ப்பது முறையா என்பது அவளுடைய கேள்வி. ஆனால் உன் மகள் போகும் குழந்தைகள் நீச்சல் கிளப்பில், முழுக்கால் சட்டையோடு யாரும் குளத்தின் கரைக்கு வரக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலிருந்தும் ஒருவர் தாமாக முன்வந்து தொண்டு செய்தே தீர வேண்டும் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. உன் அண்ணிக்குக் குளோரின் வாசனை ஆகாது. எனவே நானாக முன்வந்தேன்; முழங்கால்களும் வந்தன.

பயிற்சியாளர் சின்ன வயதுப் பெண். நீந்தத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது, நிர்வாகம் தெரியும் என்றேன். அவர் சுவரோரமாக இருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். "உக்காந்து பசங்களப் பாத்துக்கிட்டே இருங்க அங்கிள். வேற எதுவும் செஞ்சிடாதீங்க. அதான் நீங்க செய்ற பெரிய உதவி" என்றார். முதல் சந்திப்பிலேயே இவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மகளை எங்களிடம் விட்டுவிட்டு நீ ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. "அண்ணா, அவ எதையும் வாயத் திறந்து கேக்க மாட்டா. முங்குற நேரத்துலகூட யாரையும் கூப்பிட மாட்டா. எனக்கு அதான் பயம்" என்றாய். நீந்தக் கற்கிறாளோ இல்லையோ, கூப்பிடக் கற்கட்டும் என்றுதான் நீ அவளைச் சேர்த்தாய். நான் அதே நினைவோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தால், அங்கே கூப்பிடாத குழந்தை அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். ஒருவனுக்கு நீச்சல் கண்ணாடி இறுக்குகிறது, ஒருத்திக்குப் பசிக்கிறது, இன்னொருவன் என்ன வேண்டும் என்று சொல்லாமலே அங்கிள் அங்கிள் என்கிறான், நாலு பக்கமும் ஓடு பதித்த சுவர் ஒவ்வொரு அங்கிளையும் மூன்றாக்கித் திருப்பி அனுப்புகிறது, இந்தக் கூச்சலில் உன் மகள் என்றைக்காவது கூப்பிட்டாலும் யார் காதில் விழும்? பயிற்சியாளரோ பெரிய பிள்ளைகளோடு குளத்தின் மறுகோடியில் இருந்தார். அதனால் என் அலுவலகக் கூட்டங்களில் நடைமுறையில் இருந்த ஒழுங்கை இங்கேயும் கொண்டுவந்தேன். யாரும் கத்தக் கூடாது. பேச விரும்புகிறவர் கையைத் தூக்க வேண்டும். நான் "சொல்லுப்பா" என்ற பிறகே பேச வேண்டும்.

நீ நம்ப மாட்டாய், பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. சில வகுப்புகளிலேயே அந்தக் கூடம் நூலகம் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீருக்குள்ளிருந்து கைகள் முளைக்கும். நான் ஒவ்வொன்றாக அழைத்து விசாரித்து உத்தரவு பிறப்பிப்பேன். பணியில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு கீழ்ப்படிதல் கிடைத்ததில்லை. ஒரே குறை, உன் மகள் மட்டும் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

இங்கே ஒரு சிறு விவரம். நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் ஆளுயர எழுத்தில், "தண்ணீரில் கையைத் தூக்கினால் ஆபத்து என்று பொருள்" என்று எழுதியிருக்கிறது. சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் அதை எப்படிப் படிப்பான்?

போன வாரம் தேர்வு நடந்தது. ஆழமான பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையாக அக்கரை போய்த் திரும்ப வேண்டும். பெற்றோர்கள் பெஞ்சில் இருந்தார்கள். முங்குகிறவர்களைக் காப்பாற்றுவதற்கென்று அன்றைக்குப் புதிதாக ஒரு லைஃப் கார்டு இளைஞரும் வந்திருந்தார். முதலில் போன பையன் நடுவழியில் கையைத் தூக்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த இளைஞர் சட்டையோடும் செல்போனோடும் குதித்துவிட்டார். அவர் கையிடுக்கில் இழுபட்டு வந்தபடியே பையன் என்னைப் பார்த்து, அடுத்த வகுப்பில் தனக்குப் பிடித்து மிதக்கும் நீலப் பலகை கிடைக்குமா என்று தன் விண்ணப்பத்தை முடித்தான். அடுத்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவர் மறுபடி குதித்தார். அவளுக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. பெஞ்சில் ஒரு தாய் அழத் தொடங்கியிருந்தார். பயிற்சியாளர், கரையில் ஓடக் கூடாது என்பதால், ஓட்டத்துக்கு மிக நெருக்கமான ஒரு நடையில் என்னிடம் வந்து, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். விளக்கினேன். அவர் எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். திரும்பிப் படித்தேன்.

படித்துவிட்டு முன்னால் திரும்பியபோது தண்ணீரில் ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தது. அடியில் பதித்த ஓடுகள் கருநீலமாகிற இடம். அங்கே, தன் முறை வந்ததும் இறங்கியிருந்த உன் மகள். அவள் கை மேலே இருந்தது.

லைஃப் கார்டு ஒரு காலை விளிம்பில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அவர் மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார், இது ஆபத்தா, டவுட்டா?"

ஆபத்து என்றுதான் சொல்ல வந்தேன். என்றைக்கும் கூப்பிடாத பிள்ளை கையைத் தூக்கினால் வேறென்ன இருக்க முடியும்? ஆனால் கை தெரிந்ததும் என் வாய் அதுவாகவே, "சொல்லும்மா" என்றது. மரியாதை தெரிந்த பெண். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தண்ணீர் உள்ளே போயிற்று. தொப்பி மறைந்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு விரல்நுனி மட்டும் தெரிந்தது. அவள் முழுகுவதைக் கரையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் பார்த்தார்கள். அதை என்னிடம் தெரிவிப்பதற்காக அத்தனை பேரும் சத்தமில்லாமல் கையைத் தூக்கி, என் அழைப்புக்காகக் காத்து நின்றார்கள்.

நான் குதித்தேன். அரைக்கால் சட்டைக்கு நாள்கணக்கில் ஆலோசித்தவன் இதற்கு ஆலோசிக்கவில்லை. தண்ணீருக்குள் எல்லாம் நீலமாக இருந்தது; காது அடைத்துவிட்டது; உனக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. கைக்கு ஒரு கால் கிடைத்தது. இனி உயிரே போனாலும் விடக் கூடாது என்று இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் பெரிய காலாக இருக்கிறதே என்று தோன்றியது. லைஃப் கார்டின் கால்; அவரும் குதித்திருந்தார். அவர் உதறினார், நான் விடவில்லை. கடைசியில் பயிற்சியாளர் இறங்கி அவரை என்னிடமிருந்து காப்பாற்றினார். என் தலை மேலே வந்தபோது, உன் மகள் தானாகவே நீந்தி வந்து, விளிம்பைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்த பெற்றோரில் ஒருவர் டாக்டர். அங்கேயே அவளைப் பார்த்தார். மார்பில் ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்றார். என்னையும் பார்த்தார், ஒரு துண்டை நீட்டினார்.

இதில் ஒரு நல்லதும் உண்டு. முங்கும்போது உன் மகள் கூப்பிட்டாள். கையால்தான் என்றாலும் கூப்பிட்டாள். உன் பயம் தீர்ந்தது. ஆனால் இனி அவள் குளத்துப் பக்கம் போக மாட்டாள், நானும் போக மாட்டேன். தொண்டிலிருந்து விலகுவதாகப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன்; அவர் தடுக்கவில்லை. நீ வரும்வரை அவள் வீட்டில் உட்கார்ந்து படம் வரையட்டும். இது இறுதி முடிவு, மறுபரிசீலனை கிடையாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மற்றதை அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல், காய்ந்த தரையில் நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மகள் மேசைப் பக்கம் வந்து, என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "தப்பா எழுதியிருக்கீங்க மாமா. எனக்கு ஒண்ணும் ஆகல. ஒண்ணு கேக்கத்தான் கையத் தூக்கினேன். நீங்க சொல்லும்மான்னு சொன்னப்புறந்தான் தண்ணி குடிச்சேன்" என்றாள். என்ன கேட்க வந்தாய் என்றேன். "இன்னொரு தடவ போய்ட்டு வரட்டுமான்னு." "உன் அம்மாவுக்கு எழுதிக் கேட்போம்" என்றேன். கையைத் தூக்காமலே, "நாளைக்கே போகணும்" என்றாள். உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு மறுநாள் போய்விட்டு வந்தோம். அவளை ஆழமான பக்கத்துப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். நீந்தத் தெரியாதவர் கரையில் தொண்டு செய்யக் கூடாது என்று இப்போது ஒரு விதி வந்திருப்பதால், என்னைத் தொடக்கப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் எனக்கு அடுத்தபடியாக மூத்தவனுக்கு வயது ஆறு.