மூச்சுக்கு ஏழு படி

மனிதன் மூச்சு விட்டால் மட்டும் போதாது, எப்படி விடுகிறோம் என்று தெரிந்துதான் விட வேண்டும் என்பது சிதம்பரத்தில் உள்ள அந்த மருத்துவமனையின் உயர்ந்த கொள்கை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நாளைக்கு நமக்கே இளைப்பு வந்தால் அங்கேதான் போக வேண்டியிருக்கும்.

அங்கே ஆஸ்துமாப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் ஷஹனாஸ், பரங்கிப்பேட்டைக்காரி. நோயாளி வாசல் ஏறும்போதே தோள் எப்படித் தூக்கிப் போடுகிறது, பேச்சு எந்தச் சொல்லில் அறுந்து போகிறது என்று கவனித்து, ஆள் எந்த நிலைமையில் இருக்கிறார் என்பதைக் கணித்துவிடுவாள். நோயாளியைப் பார்த்தே நோயைத் தெரிந்துகொள்ளும் இந்தப் பழைய பழக்கம் தர மேம்பாட்டு அலுவலர் சபாபதிக்குப் பிடிக்கவில்லை.

சபாபதி சென்னையில் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, ஒரு தோள்பையும் ஒரு தொப்பியும் ‘நோயாளிக் கல்வி’ என்ற சொல்லும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வந்த மறுநாளே நர்ஸ்களைக் கூட்டினார்.

“நாம நோயாளிக்கு மருந்து குடுக்கிறோம். அறிவு குடுக்கிறோமா?”

யாரும் பதில் சொல்லவில்லை. அதை ஒருமனதான தீர்மானமாக எடுத்துக்கொண்டு சுற்றறிக்கை விட்டார்: ‘மூச்சுத்திணறலுடன் வருகை தரும் பொதுமக்கள், இன்ஹேலர் பயன்படுத்தும் ஏழு படிகளையும் கற்றறிந்து, தத்தம் வாயால் திருப்பிச் சொன்ன பின்னரே சிகிச்சைக்குத் தகுதியுடையோர் ஆவர்.’

“மூச்சு வாங்குறவங்க எப்படி சார் சொல்லுவாங்க?” என்று கேட்டாள் ஷஹனாஸ்.

“சொல்ல முடியலைன்னா கத்துக்கலைன்னு அர்த்தம். கத்துக்கலைன்னா மறுபடி சொல்லிக்குடுங்க.”

இரண்டு நாள் கழித்து கொளஞ்சியப்பன் வந்தான். காட்டுமன்னார்கோயில் பக்கம் அரிசி மில்லில் வேலை. தவிட்டுத் தூசி நெஞ்சில் ஏறி, டவுன் பஸ்ஸில் மனைவி மாரியம்மாள் தோளில் சாய்ந்தபடியே வந்து சேர்ந்தான். பெஞ்சில் முன்பக்கம் குனிந்து இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி உட்கார்ந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஷஹனாஸ் ஆக்சிஜன் குழாயை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சபாபதி முந்திக்கொண்டார்.

“ஒன்னாவது படி என்ன?”

“கு... கு...”

“குலுக்கணும். சரி, பாதி மார்க். ரெண்டாவது?”

கொளஞ்சியப்பனின் கண் மேலே செருகியது. மாரியம்மாள் பதறிப்போய் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து மடமடவென்று ஒப்பித்தாள். “குலுக்கணும்ங்க, மூச்ச வெளிய உடணும்ங்க, வாயில வச்சு உதட்ட மூடணும், அழுத்திக்கிட்டே மெதுவா இழுக்கணும், கொஞ்ச நேரம் அடக்கணும், மெள்ள உடணும், வாயக் கொப்புளிக்கணும்!”

“பிரமாதம்! முழு மார்க்!” சபாபதி பூரித்துப்போனார். “சிஸ்டர், இந்தம்மாவுக்கு உடனே மருந்து குடுங்க.”

“அவுங்களுக்கு ஒன்னும் இல்லையே சார்!”

“தகுதி அவுங்களுக்குத்தானே இருக்கு?”

“யா அல்லாஹ்!” என்ற ஷஹனாஸ் அதற்கு மேல் நிற்கவில்லை. கொளஞ்சியப்பனுக்கு ஆக்சிஜன் வைத்தாள். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொன்ன மருந்தை நெபுலைசரில் ஊற்றி முகமூடியை மாட்டினாள். அரை மணி கழித்து அவன் தண்ணீர் கேட்டான், முழு வாக்கியமாக.

சபாபதி சாவு வீட்டுக்கு வந்தவர்போல நின்றார். “அநியாயம் பண்ணிட்டீங்க. இப்ப மூச்சு வந்தது மருந்தாலயா, நம்ம கல்வியாலயான்னு நான் எப்படி நிரூபிப்பேன்?”

“ஆள் பிழைச்சிட்டாரே சார்.”

“அது டாக்டரோட சாதனை. என் பிரிவுக்கு என்ன லாபம்?”

கொளஞ்சியப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த பிறகு ஷஹனாஸ் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் மருந்தையெல்லாம் நாக்கிலேயே அடித்துக்கொண்டான். பிறகு இழுக்கிற நேரமும் அழுத்துகிற நேரமும் கூடி வந்தது. தூசியில் நிற்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கட்டு, மூச்சு நன்றாயிருக்கிறதென்று மருந்தை நிறுத்திவிடாதே என்பதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டான். அவளுக்கு மனசு நிறைந்தது.

அந்த வாரக் கடைசியில் கடலூரிலிருந்து ஆய்வு அதிகாரி தட்சிணாமூர்த்தி வந்தார். அவரை வரவேற்க சபாபதி சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்து, வாசலில் சாம்பிராணிப் புகையும் போட்டிருந்தார். மாதிரி நோயாளியாகச் சலவைச் சட்டையில் கொளஞ்சியப்பன் நின்றான்.

தட்சிணாமூர்த்தி, “சுவாசமே வாழ்வு” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வாழ்வு வரவில்லை. இருமினார். நெஞ்சுக்குள் விசில் அடித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஷஹனாஸ் நெபுலைசரோடு ஓடிவந்தாள். அப்போது கணீரென்று ஒரு குரல்:

“ஐயா, ஒன்னாவது படி என்னாங்க?”

கேட்டது கொளஞ்சியப்பன்.

சபாபதிக்கு வியர்த்துவிட்டது. “பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு எடுத்துக்கலாம்!” என்று அலறினார். அலறி முடிப்பதற்குள் ஷஹனாஸ் முகமூடியை மாட்டியிருந்தாள்.

மூச்சு திரும்பியதும் தட்சிணாமூர்த்தி, “யாருய்யா என்னையக் கேள்வி கேட்டது?” என்றார். எல்லோரும் கொளஞ்சியப்பனைக் காட்டினார்கள். “அதிகாரின்னும் பாக்காம கேட்டான் பாருங்க. இவனை விட்டுடாதீங்க!”

கொளஞ்சியப்பன் ‘மூச்சுத் தூதர்’ ஆனான். வாசலில் ஒரு சுழல் நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, சட்டையில் பேட்ஜ். சுற்றறிக்கையில் ஒரு திருத்தமும் வந்தது: ‘அரசு அலுவலர்கள் ஏழு படிகளையும் பிறவியிலேயே அறிந்தவர்களாகக் கருதப்படுவர்.’ பொதுமக்கள் வரிசையில் நின்று, முணுமுணுத்து மனப்பாடம் செய்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை அருள்முருகனைத் தூக்கிவந்தார்கள். அதே மில்லில் கொளஞ்சியப்பனோடு மூட்டை தூக்கியவன்.

“மா... மா... முடியல...”

“மாமாங்கிறதெல்லாம் வெளிய மாப்ள. இங்க நான் தூதர். ஒன்னாவது படி சொல்லு.”

ஷஹனாஸ் ஓடிவந்து சுழல் நாற்காலியைத் தூதரோடு சேர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டு, அருள்முருகனை உள்ளே கொண்டுபோனாள்.

“சிஸ்டர், இது விதிமீறல்!” என்றான் கொளஞ்சியப்பன்.

“நீங்க உயிரோட இருக்கறதே விதிமீறல்தாண்ணே,” என்றாள் அவள்.

வரிசையிலிருந்து கூச்சல் கிளம்பியது. “காலையிலேருந்து நாங்க உருப்போட்டுக்கிட்டு நிக்கிறோம். அவன் மட்டும் ஒன்னும் சொல்லாம உள்ள போறானே, இது என்னா நியாயம்?”

அருள்முருகன் பிழைத்துக்கொண்டான். இரண்டு நாளில் ஷஹனாஸுக்கு மெமோ வந்தது: ‘தகுதி பெறாத நபருக்கு மூச்சு வழங்கியமைக்கு விளக்கம் தருக.’ கூடவே பொதுமக்களின் புகார் மனு. முதல் கையெழுத்து கொளஞ்சியப்பன். அடுத்து வரிசையில் நின்றவர்கள். கடைசியாக, கட்டிலில் படுத்தபடியே, அருள்முருகன்.

அவள் மனுவை எடுத்துக்கொண்டு அவன் கட்டிலுக்குப் போனாள். “ஏம்ப்பா, நீயுமா?”

அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

“கோச்சுக்காதீங்க சிஸ்டர். வாசல்ல இன்னொரு நாற்காலி போடப் போறாங்களாம்.”