செல்லக்கண்ணு நகர் உதித்த வரலாறு

லேத்து இயந்திரம் துப்பிய இரும்புச் சுருள்களுக்கு நடுவே இளமையைக் கடைந்து தீர்த்த வீரர், மைசூர் மண்டி மொஹல்லாவின் வாடகை அறையிலிருந்து படையெடுத்துப் புறப்பட்டு, நகர எல்லைக்கு அப்பால் எவரும் குடியேறாத மேட்டில் முதல் வீட்டை எழுப்பிய செல்லக்கண்ணு வாழ்க! அவர் கொற்றம் வாழ்க! அவ்வீட்டின்மேல் வேய்ந்த சிமென்ட் ஷீட்டும் வாழ்க!

சாமராஜர் பெயரால் சாமராஜநகரும் கிருஷ்ணராஜர் பெயரால் கிருஷ்ணராஜநகரும் நிலைத்திருப்பதை பஸ் பலகைகளில் நாள்தோறும் படித்த அவர், அந்த மன்னர்களுக்கும் தமக்கும் இடையே ஒரு பலகைதான் குறை என்று கண்டார். தொழிற்சாலையில் ‘லேத்து’, தெருவில் ‘தமிழ்க்காரர்’ என்றே அழைக்கப்பட்டவர். தம் பெயரை நிறைந்த பஸ்ஸில் ஒருவன் உரக்கக் கூவ ஒருமுறை கேட்டால் போதும் அவருக்கு.

ஆனால் அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. ஊருக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் அரசர்களிடமிருந்து நழுவி, தோற்பையும் விசிலும் தரித்த கண்டக்டர் பசவராஜிடம் சேர்ந்திருந்தது. ஆலமரம், தண்ணீர்த்தொட்டி, பங்க்சர் கடை என்று கண்ணில் பட்டதைக் கூவுவதே அவன் சாசனம்.

எனவே ஒரு ஞாயிறன்று, பகைப்புலத்தில் வெற்றித்தூண் நாட்டும் வேந்தரைப்போல, சாலையோரத்தில் இடுப்புயரக் கல்லொன்றை நட்டு, ‘செல்லக்கண்ணு நகர்’ என்று கன்னடத்தில் செம்பெயிண்டால் தீட்டினார்.

“ஊருக்குப் பேரு அப்பறம் வெக்கலாம், மொதல்ல நம்ம வாசலுக்கு ஒரு கேட்டு வெய்யுங்க,” என்றாள் மனைவி லீலா. வரலாறு அதைச் செவிமடுக்கவில்லை.

திங்கள் விடிந்தது. கல்லில் ஓர் எருமை கட்டப்பட்டிருந்தது. எழுத்துகள் அதன் விலாவுக்குப் பின்னே மறைந்திருந்தன.

“கல்லு சும்மனே நிக்குதல்லா அண்ணா,” என்றான் எருமையைக் கட்டிய பக்கத்து வயல் கெம்பையன். “நல்லா கெட்டியா நட்டிருக்கீங்க.”

கயிற்றை அவிழ்த்தார் செல்லக்கண்ணு; எருமை நகரவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினார். கொம்பையே மகுடமாகச் சூடிய அந்தக் கருமலை அசைபோட்டது. குடையால் தட்டினார், அது வாலைச் சுழற்றி, இஸ்திரி கலையாத அவர் சட்டையில் சாண முத்திரை பதித்தது. எருமைத்தலை வேந்தன் மகிடனின் பெயரால்தான் மைசூரே மைசூரானது என்பார்கள். அம்மண்ணில் தாம் யாரோடு பொருதுகிறோம் என்று வீரர் எண்ணிப் பார்க்கவில்லை.

வளைவில் பஸ் தோன்றியது. படிக்கட்டில் தொங்கிய பசவராஜ் பார்த்தான், வாய் திறந்தான், எருமையின் பெயரைக் கன்னடத்தில் கூவி, பயணிகளை இறங்கச் சொன்னான்.

“எம்மெ ஸ்டாப், எம்மெ ஸ்டாப். இளீரி, இளீரி.”

பஸ் முழுவதும் சிரித்தது. சிரித்தபடியே அப்பெயரை ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் செல்லக்கண்ணு எருமை ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.